சிறையிருப்பு எங்கே நடந்தது? அசீரிய, பாபிலோனிய நாடுகடத்தல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்புக்காக ஒரு வரைபடம் வரைந்து சுவரில் ஒட்டினேன். அதிலிருந்து ஒரே விதமான சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஊர்ப் பெயர்கள் பழைய தமிழ் வேதாகமத்தில் உள்ளபடி இருக்கும். தெரிந்த இடங்களுக்கு இன்றைய பெயரையும் சேர்த்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகும்.

மெசபொத்தாமியா என்பது இன்றைக்கு எந்த நாடு?

பெரும்பகுதி ஈராக். அதோடு வடகிழக்குச் சிரியாவும் தென்கிழக்குத் துருக்கியின் ஒரு பகுதியும் சேரும். ஐப்பிராத்து, இதெக்கேல் என்று வேதாகமம் சொல்லும் யூப்ரடீஸ், டைகிரிஸ் ஆறுகள் துருக்கி மலைகளில் பிறந்து பாரசீக வளைகுடாவை நோக்கி இறங்குகின்றன. அவற்றை ஒட்டிய நிலம் இது.

ஆனால் ஒரே நிலம் என்று நினைத்துவிடக் கூடாது. வடக்கே மேட்டுநிலம், மழையை நம்பியே கோதுமையும் வாற்கோதுமையும் விளையும். தெற்கே தட்டையான வண்டல் சமவெளி. அங்கே வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடத் தேறாது, வாய்க்கால் வெட்டாமல் எதுவும் விளையாது. வடக்கு அசீரியாவின் மண், தெற்கு பாபிலோனின் மண். நினிவேயிலிருந்து பாபிலோனுக்கு நேர்கோட்டில் 440 கிலோமீட்டர். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ள பாதிக் கேள்விகள் தாமாகவே அவிழும்.

சிறையிருப்பு என்றால் பாபிலோன்தானே? அசீரியா எங்கிருந்து வந்தது?

இரண்டு வேறு நாடுகடத்தல்கள். முதலாவது, வடக்கு ராஜ்யமான இஸ்ரவேலுக்கு நடந்தது. கி.மு. 733–732-இல் அசீரிய ராஜா திகிலாத்பிலேசர் கலிலேயாவையும் கீலேயாத்தையும் பிடித்து மக்களைக் கொண்டுபோனார். பிறகு சல்மனாசார் சமாரியாவை முற்றுகையிட்டார். கி.மு. 722–720 வாக்கில் நகரம் விழுந்தது. அதற்கான பெருமையைத் தனதாகக் கல்வெட்டுகளில் எழுதிக்கொண்டவர் அடுத்து வந்த சர்கோன்.

இரண்டாவது, தெற்கு ராஜ்யமான யூதாவுக்கு. பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கி.மு. 597-இல் யூதாவின் ராஜா யோயாக்கீனையும், 587 அல்லது 586-இல் எருசலேமை இடித்தபோது இன்னொரு கூட்டத்தையும், 582-இல் கடைசியாகச் சிலரையும் கொண்டுபோனார். சமாரியாவின் வீழ்ச்சிக்கும் எருசலேமின் வீழ்ச்சிக்கும் இடையே சுமார் 135 வருடம். பிடித்த ராஜ்யம் வேறு, குடியேற்றிய நிலமும் வேறு. இடையில் கி.மு. 612-இல் நினிவேயே பாபிலோனியரும் மேதியரும் சேர்ந்த படையிடம் வீழ்ந்துவிட்டது. 'சிறையிருப்பு' என்று ஒரே அம்புக்குறி போட்ட வரைபடத்தைப் பார்த்தால் ஒதுக்கிவிடுங்கள்.

வடக்கு ராஜ்யத்து மக்களைச் சரியாக எந்த ஊரில் விட்டார்கள்?

2 இராஜாக்கள் 17:6 மூன்று திசைகளைச் சொல்கிறது: ஆலாகு, கோசானின் ஆபோர் ஆறு, மேதியரின் பட்டணங்கள். மூன்றும் அசீரிய ஆவணங்களில் அறியப்பட்ட இடங்கள்.

கோசான் ஒரு நகரம். அசீரியர் குசானா என்றார்கள். இன்றைய பெயர் தெல் ஹலாஃப். சிரியா–துருக்கி எல்லையில் ராஸ் அல்-ஐன் பக்கத்தில் இருக்கிறது. அதை ஒட்டி ஓடும் காபூர் ஆறுதான் ஆபோர். ஆலாகு என்பது நினிவேக்கு வடகிழக்கே, சர்கோன் புதிதாகக் கட்டிய தலைநகரம் தூர்-சருக்கினை அடுத்த வட்டாரம். அந்தத் தலைநகரத்தைக் கட்டப் பிடிபட்ட நாடுகளின் ஆட்களைப் பயன்படுத்தியதாகச் சர்கோனே எழுதிவைத்திருக்கிறார். ஆக, பக்கத்திலேயே சமாரியரைக் குடிவைத்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

மேதியரின் பட்டணங்கள் மெசபொத்தாமியாவே அல்ல. சாக்ரோஸ் மலைகளில், இன்றைய மேற்கு ஈரானில் இருந்தவை. இங்கே காலக்கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது. சர்கோன் மேதியரின் பகுதியில் ஹர்ஹர் என்னும் கோட்டையூரைப் பிடித்து, பெயர் மாற்றி, வெளியாட்களைக் குடியேற்றியது கி.மு. 716-இல்தான். அப்படியானால் சமாரியர் அங்கே போய்ச் சேர்ந்ததும் அதன் பிறகாகத்தான் இருக்க வேண்டும். ஒரே நாளில் கூட்டிக்கொண்டு போய் ஒரே நாளில் பிரித்துவிடவில்லை; தவணை தவணையாக நடந்திருக்கிறது.

எல்லாரையும் அடிமையாக வைத்திருந்தார்களா, அந்த ஊர்களில்?

இல்லை. அசீரியாவுக்கு வேண்டியிருந்தது வரி கட்டும் உழவர்கள், கைத்தொழிலாளர்கள், படைவீரர்கள். அதனால்தான் குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோனார்கள். அசீரிய ராஜா சனகெரிப் கி.மு. 701-இல் யூதாவின் லாகீசைப் பிடித்த காட்சி நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கப்பட்டிருக்கிறது. அதில் மாட்டுவண்டியில் மூட்டை முடிச்சோடு பெண்களும் பிள்ளைகளும் போகிறார்கள். (லாகீஸ் மக்களும் அசீரியாவுக்குத்தான் போனார்கள் என்பதைக் கவனியுங்கள். யூதாவின் நாடுகடத்தல் பாபிலோனில் தொடங்கவில்லை.)

சமாரியாவின் தேர்ப்படையை சர்கோன் கலைக்கவே இல்லை. தன் சேனையில் ஒரு பிரிவாகச் சேர்த்துக்கொண்டார். அசீரியத் தலைநகரங்களில் ஒன்றான நிம்ரூத்தில் கிடைத்த குதிரைப்படைப் பட்டியலில் சமாரியத் தேர்த்தலைவர்களின் பெயர்களே இருக்கின்றன. குசானாவில் வாழ்ந்த ஒரு சமாரியனைக் குறிப்பிடும் அசீரிய அரசுக் கடிதமும் உண்டு. வாழ்க்கை இனிமையாக இருந்தது என்று சொல்லவில்லை. சொந்த மண்ணுக்குத் திரும்பும் வழி இல்லை, அவ்வளவுதான். சங்கிலியோடு கல் உடைத்த கதை எல்லாருக்கும் பொருந்தாது.

ஆபோர், கேபார் இரண்டும் ஒரே ஆறுதானே? என் வேதாகமத்தின் பின்பக்கப் படத்தில் எசேக்கியேல் சிரியாவில் இருக்கிறார்!

இதுதான் எனக்கு அதிகம் வரும் கேள்வி. ஒரே ஆறு அல்ல. ஆபோர் வட சிரியாவின் காபூர். ராஸ் அல்-ஐன் அருகே ஊற்றெடுத்து, தெய்ர் எஸ்-ஸோருக்குக் கீழே யூப்ரடீஸில் கலக்கிறது. கேபார் தெற்கே, பாபிலோன் சமவெளியில் ஓடிய வாய்க்கால். இரண்டுக்கும் நடுவே பல நூறு கிலோமீட்டர்.

ஓசை ஒற்றுமையால் பழைய வரைபடங்கள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. 1893-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அகழாய்வில் பாபிலோனுக்குத் தென்கிழக்கே உள்ள நிப்பூரில் முராஷு என்ற குடும்பத்தின் களிமண் கணக்குப் பலகைகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அவற்றில் 'நார் கபாரி' என்ற வாய்க்கால் பெயர் வருகிறது. 'நார்' என்றால் அங்கே ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் பொதுவான பெயர். எசேக்கியேல் உட்கார்ந்திருந்த கரை நிப்பூர் வட்டாரம் என்பது அதன் பிறகு தெளிவானது. அச்சிட்டவர்கள் எல்லாரும் படத்தைத் திருத்தவில்லை, அதுதான் சிக்கல்.

இன்னொரு எச்சரிக்கை: ஈராக்–துருக்கி எல்லையில் ஸாக்கோ நகரத்தின் வழியாக டைகிரிஸுக்குப் போகும் ஓர் ஆற்றுக்கும் காபூர் என்றுதான் பெயர். இணையத்தில் தேடும்போது அது வந்து நின்று மேலும் குழப்பும்.

பாபிலோன் எருசலேமுக்கு நேர் கிழக்கே இருக்கிறது. அப்புறம் ஏன் எரேமியா 'வடக்கேயிருந்து தீங்கு வரும்' என்கிறார்?

படத்தில் அளவுகோல் வைத்தால் கிழக்குதான், நேர்கோட்டில் சுமார் 870 கிலோமீட்டர். ஆனால் நடுவில் கிடப்பது சிரிய–அரேபியப் பாலைவனம். பெரும் படையோ, பிள்ளைகுட்டியோடு நடக்கும் ஜனக்கூட்டமோ அதை ஊடறுத்துப் போக முடியாது; தண்ணீர் கிடைக்காது. ஆகவே எல்லாரும் வடக்கே போய், யூப்ரடீஸைத் தொட்டு, ஆற்றோரமாகவே தென்கிழக்கே இறங்குவார்கள். படையும் அதே வழியாகத்தான் வரும். எருசலேம் மதிலில் நிற்பவனுக்கு எதிரி தெரிவது வடக்கு வாசல் பக்கம்.

வழியின் தொடக்கத்தை வேதாகமமே காட்டுகிறது. எரேமியா 40:1-இல் சிறைப்பட்டவர்களை விலங்கிட்டு நிறுத்திவைத்த ராமா எருசலேமுக்குச் சற்று வடக்கே. அடுத்து ரிப்லா: இன்றைய சிரியாவில், லெபனான் எல்லையோரம், ஓரோன்டஸ் ஆற்றங்கரையில். நேபுகாத்நேச்சாரின் பாசறை அங்கேதான் இருந்தது. யூதாவின் கடைசி ராஜா சிதேக்கியாவின் கண்கள் பிடுங்கப்பட்டதும் அங்கேதான். அதற்கு மேலே ஆமாத், அதாவது இன்றைய ஹமா. பிறகு அலெப்போ பக்கம். பிறகு யூப்ரடீஸின் பெரிய வளைவு.

அப்படியானால் எத்தனை நாள் நடந்திருப்பார்கள்?

சிறைப்பட்டுப் போனவர்களின் பயணக் கணக்கு எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் எதிர்த்திசைக் கணக்கு இருக்கிறது. எஸ்றா 7:9-இன்படி எஸ்றாவின் கூட்டம் முதலாம் மாதம் முதல் தேதி பாபிலோனைவிட்டுப் புறப்பட்டு ஐந்தாம் மாதம் முதல் தேதி எருசலேம் வந்து சேர்ந்தது. நடுவில் அகாவா ஆற்றங்கரையில் தங்கி, 12-ஆம் தேதிதான் அங்கிருந்து கிளம்பினார்கள். மேலே சொன்ன வளைந்த வழி கிட்டத்தட்ட 1,400 கிலோமீட்டருக்கு மேல் வரும். நாளுக்குப் பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டர். விருப்பத்தோடு, உடைமைகளோடு, ராஜாவின் அனுமதிக் கடிதத்தோடு போனவர்களின் வேகம் அது. விலங்கு பூட்டி நடத்தப்பட்டவர்களின் வேகம் எப்படி இருந்திருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

செய்தியும் மெதுவாகத்தான் வந்தது. எருசலேம் பிடிபட்டது நாலாம் மாதம். தப்பிவந்த ஒருவன் எசேக்கியேலிடம் அதைச் சொன்னது பத்தாம் மாதம் என்று எசேக்கியேல் 33:21 சொல்கிறது.

பாபிலோன் நகரத்துக்குள்ளேயா எல்லாரையும் வைத்தார்கள்?

ராஜகுடும்பத்தையும் அரண்மனைக்கு வேண்டியவர்களையும் மட்டும். அதற்கு நேரடிச் சான்று இருக்கிறது. ராபர்ட் கோல்டெவே 1899 முதல் 1917 வரை பாபிலோனைத் தோண்டினார். தென் அரண்மனையின் ஒரு வளைவுக்கூரைக் கட்டடத்தில் படியளப்புப் பலகைகள் கிடைத்தன. எர்ன்ஸ்ட் வைட்னர் 1939-இல் அவற்றை வாசித்து வெளியிட்டார். யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கும் அவர் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் எண்ணெய் அளந்த கணக்கு அதில் இருக்கிறது. பலகைகளில் ஒன்று கி.மு. 592-ஐச் சேர்ந்தது. (யோயாக்கீம் தகப்பன், யோயாக்கீன் மகன். ஓர் எழுத்தில் தலைமுறை மாறிவிடும், பார்த்துப் படியுங்கள்.)

அதே பட்டியலில் அஸ்கலோன் ராஜாவின் பிள்ளைகள், தீருவின் ஆட்கள், எகிப்தியர், மேதியர், கிரேக்கத் தச்சர்கள் என்று பலர். பிடித்த நாடுகளின் அரச வம்சங்களையும் கைதேர்ந்தவர்களையும் கண்ணெதிரே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. மற்ற ஜனங்கள் போன இடம் கிராமம்.

எசேக்கியேல் சொல்லும் தெலாபிப் இன்றைய டெல் அவிவா?

இல்லை. பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். மத்தியதரைக் கடற்கரையில் 1909-இல் தொடங்கிய புதிய குடியிருப்புக்கு 1910-இல் டெல் அவிவ் என்று பெயர் வைத்தபோது, எசேக்கியேல் 3:15-இல் வரும் பெயரைப் பயன்படுத்தினார்கள். பழைய தெலாபிப் கேபார் வாய்க்கால் ஓரம், நிப்பூர் பக்கம். நிப்பூர் இருப்பது பாபிலோனுக்குத் தென்கிழக்கே, சுமார் 90 கிலோமீட்டரில். இன்றைக்கு நுஃபர் என்பார்கள். தெலாபிப் எந்த மேடு என்று யாரும் அடையாளம் காட்டியதில்லை.

எஸ்றா 2:59-இல் தெல்மெலாக், தெல்அர்சா என்று இன்னும் சில ஊர்கள் வருகின்றன. 'தெல்' என்றால் இடிந்த குடியிருப்பின் மண்மேடு. அசீரியாவுக்கும் பாபிலோனுக்கும் நடந்த நீண்ட சண்டையில் நிப்பூர் வட்டாரம் மிகவும் அடிபட்டது. ஆளில்லாமல் கிடந்த மேடுகளிலும் தூர்ந்துபோன வாய்க்கால் ஓரங்களிலும் புதுக் குடிகளை வைத்து நிலத்தை உழவுக்குக் கொண்டுவருவதே நேபுகாத்நேச்சாரின் திட்டம். சிறைப்பட்டவர்களின் ஊர்கள் அந்தப் பக்கமாகக் குவிந்திருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பாபிலோனில் 'யூதா ஊர்' என்று ஓர் ஊரே இருந்ததாமே?

இருந்தது. அல்-யாஹூது என்று களிமண் பலகைகளில் வருகிறது. அந்தப் பலகைகள் கி.மு. 572-இல் தொடங்கி 477 வரை நீள்கின்றன. அதாவது எருசலேம் இடிந்து பதினைந்து வருடத்துக்குள் அந்த ஊர் எழுத்தில் வந்துவிட்டது. லாரி பியர்ஸ், கொர்னேலியா வுன்ஷ் இருவரும் 2014-இல் நூறுக்கும் மேற்பட்ட பலகைகளை வெளியிட்டார்கள். 2015-இல் எருசலேமின் வேதாகம நாடுகள் அருங்காட்சியகத்தில் அவை காட்சிக்கு வந்தன.

அகிகாம் என்பவரின் குடும்பம் பல தலைமுறைக்கு இந்தப் பலகைகளில் தெரிகிறது. தகப்பன் பெயர் ரபாயாமா. நிலம் குத்தகைக்கு எடுக்கிறார்கள், வாற்கோதுமையும் பேரீச்சையும் அளக்கிறார்கள், கடன் வாங்குகிறார்கள், கொடுக்கிறார்கள். ஒரு பலகையில் ஆப்பெழுத்துக்கு (ஆப்பு வடிவ பாபிலோனிய எழுத்து) பக்கத்தில் செலேமியா என்ற பெயர் பழைய எபிரெய எழுத்தில் கீறப்பட்டிருக்கிறது. இந்தத் தலைப்பில் ஒரே ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்றால் நான் கேட்பது அதைத்தான்.

ஒரு வருத்தம்: இவை முறையான அகழாய்வில் கிடைத்தவை அல்ல, பழம்பொருள் சந்தை வழியாக வந்தவை. எந்த மேட்டிலிருந்து எடுத்தார்கள் என்பது அதனால் தொலைந்துபோயிற்று. பலகைகளில் வரும் பக்கத்து ஊர்ப் பெயர்களை வைத்து, பாபிலோனுக்குக் கிழக்கிலும் தென்கிழக்கிலும், நிப்பூரை ஒட்டிய கிராமப்புறம் என்று சொல்லலாம். சுற்றுவட்டாரத்தில் அஸ்கலோன், காசா, தீரு, ஆமாத் என்றெல்லாம் ஊர்கள் இருந்தன. அந்தந்த இடத்திலிருந்து பிடித்துவந்த ஜனங்களை அங்கங்கே மொத்தமாக வைத்ததால் வந்த பெயர்கள்.

அங்கே என்ன வேலை செய்தார்கள்? செங்கல் அறுத்தார்களா?

செங்கல் எகிப்துக் கதை. இங்கே முக்கியமாக விவசாயம். ராஜாவின் நிலத்தில் ஒரு பங்கு கொடுப்பார்கள். பதிலுக்கு வரியும், படைக்கு ஆளும், வாய்க்கால் போன்ற பொதுவேலைக்கு உழைப்பும் தர வேண்டும். ஒரு வில்லாளியை அனுப்பும் கடமையோடு வந்த நிலத்துக்கு 'வில் நிலம்' என்று பெயர். நிலத்தை விற்க முடியாது, பிள்ளைகளுக்கு விடலாம்.

எல்லாரும் உழவரும் அல்ல. பாபிலோனுக்கு வடக்கே சிப்பார் நகரத்தில் அரச வணிகர்களாக இருந்த ஒரு யூதக் குடும்பம் பலகைகளில் தெரிகிறது. அந்த வீட்டுப் பெண் உள்ளூர் பாபிலோனிய வீட்டுக்கு மருமகளாகப் போன ஒப்பந்தம்கூட இருக்கிறது. 'வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டுங்கள்' என்று எரேமியா 29-இல் எழுதிய கடிதம் வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல; அந்த நிலத்தில் நடக்கக்கூடிய காரியம்.

'பாபிலோன் ஆறுகள்' என்று சங்கீதம் பன்மையில் சொல்கிறதே, அங்கே இருப்பது யூப்ரடீஸ் ஒன்றுதானே?

முதல் கேள்வியில் சொன்ன தெற்குச் சமவெளியை நினைத்துக்கொள்ளுங்கள். யூப்ரடீஸ் அங்கே ஒரே ஓடையாக ஓடவில்லை; கிளைகளாகப் பிரிந்து, பெருவாய்க்கால், சிறுவாய்க்கால் என்று நிலம் முழுக்கப் பரவியது. தஞ்சாவூர்க்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம், காவிரிப் படுகை போலத்தான். சங்கீதம் 137 பேசுவது அந்த வாய்க்கால் கரைகளை. எருசலேமோ கீகோன் ஊற்றையும் மழைநீர்த் தொட்டிகளையும் நம்பி வாழ்ந்த மலைநகரம். அங்கிருந்து வந்தவர்களுக்கு இந்தத் தண்ணீர்க்காடு எப்படித் தோன்றியிருக்கும்!

இன்றைய படத்தில் தேடினால் ஏமாறுவீர்கள். யூப்ரடீஸ் மேற்கே நகர்ந்துவிட்டது. அன்று தண்ணீர் சூழ்ந்த நிப்பூர் இன்று வறண்ட மேடு.

10,000 பேர் என்கிறது ஓரிடம், 4,600 என்கிறது இன்னோரிடம். எது சரி?

2 இராஜாக்கள் 24:14 கி.மு. 597-இல் போனவர்களைப் பதினாயிரம் என்கிறது. இரண்டு வசனம் தள்ளி 7,000 வீரர், 1,000 தொழிலாளர் என்கிறது. எரேமியா 52 மூன்று தவணையாகக் கணக்கிடுகிறது: 3,023, 832, 745, ஆக 4,600. எரேமியாவின் கணக்கு ஆண்களை மட்டும், அல்லது யூதாவின் ஒரு பகுதியை மட்டும் எண்ணியது என்று ஆய்வாளர்கள் பலவிதமாகப் பொருத்திப் பார்க்கிறார்கள். எனக்கு எந்தப் பொருத்தமும் முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் இவ்வளவு துல்லியமான, பெருமைக்கு உதவாத சிறிய எண்ணை யாரும் சும்மா கற்பித்திருக்க மாட்டார்கள்.

அசீரியர் எண்கள் பெரியவை. சமாரியாவிலிருந்து 27,290 பேர் என்று சர்கோன் எழுதினார். சனகெரிப் யூதாவின் 46 மதில்சூழ்ந்த ஊர்களைப் பிடித்து 2,00,150 பேரை வெளியே கொண்டுவந்ததாகச் சொல்கிறார். முதலாவது நம்பக்கூடியது. இரண்டாவதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

காலியான ஊர்களில் யார் வந்து குடியேறினார்கள்?

இங்கே இரண்டு ராஜ்யங்களின் வழக்கமும் வேறு. அசீரியர் ஆட்களை மாற்றிப் போட்டார்கள். பாபிலோன், கூத்தா, ஆமாத் முதலிய இடங்களிலிருந்து ஜனங்களைக் கொண்டுவந்து சமாரியாவில் விட்டதை 2 இராஜாக்கள் 17:24 சொல்கிறது. கூத்தா பாபிலோனுக்கு வடகிழக்கே உள்ள தெல் இப்ராகிம் மேடு. சில அரபுக் குலத்தாரையும் சமாரியாவில் வைத்ததாக சர்கோன் சேர்த்துச் சொல்கிறார்.

பாபிலோனியர் யூதாவில் அப்படி யாரையும் கொண்டுவந்து விடவில்லை. ஏழைகளைத் திராட்சத்தோட்டக்காரராகவும் பயிரிடுகிறவராகவும் விட்டுவிட்டார்கள். பிற்பாடு யூதர் திரும்பிவர முடிந்ததற்கும், சமாரியர் திரும்பாமலே போனதற்கும் இது ஒரு பெரிய காரணம்.

தானியேல், எஸ்தர், நெகேமியா எல்லாரும் பாபிலோனிலா இருந்தார்கள்?

தானியேலின் கதை பெரும்பாலும் பாபிலோனில். 8-ஆம் அதிகாரத் தரிசனம் மட்டும் சூசானில், ஊலாய் ஆற்றங்கரையில். எஸ்தரும் நெகேமியாவும் சூசான் அரண்மனை. சூசான் இன்றைய ஈரானின் குசெஸ்தான் மாகாணத்தில் ஷூஷ் நகரம். மலைக்கு இப்பால், மெசபொத்தாமியச் சமவெளியின் தொடர்ச்சியாகக் கிடந்தாலும் அது ஏலாம் நாடு. பெர்சிய ராஜாக்கள் அதை ஒரு தலைநகரமாக வைத்திருந்தார்கள். எஸ்றா 6:2-இல் பெர்சிய ராஜா கோரேசின் கட்டளைச் சுருள் அகப்பட்ட அக்மேதா இன்றைய ஹமதான். அது மேதியர் நாடு.

கத்தோலிக்க வேதாகமம் வைத்திருப்பவர்கள் தோபித்தையும் கேட்பார்கள். அவர் வடக்கு ராஜ்யத்துக்காரர், நினிவே வாசி. ஆகவே அவருடைய கதை பாபிலோனுக்குப் போகாமல் மேதியா பக்கம் போகிறது. மூன்றாம் கேள்வியின் பதிலோடு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்.

பத்துக் கோத்திரம் மிசோரமில் இருக்கிறதாமே?

பத்துக் கோத்திரம் என்பது நாடுகடத்தப்பட்ட வடக்கு ராஜ்யத்து மக்கள். மிசோரமிலும் மணிப்பூரிலும் பினே மெனாஷே என்ற சமூகம் தங்களை மனாசே கோத்திரத்தார் என்று சொல்கிறது. 2005-இல் இஸ்ரேலின் செபார்டிய தலைமை ரபி ஷ்லோமோ அமார் அதை ஏற்றுக்கொண்டார். அவர்களில் பலர் இஸ்ரேலில் குடியேறியும் இருக்கிறார்கள். அது அவர்களுடைய நம்பிக்கை, ஒரு சமய அதிகாரியின் அங்கீகாரம். காபூர் கரையிலிருந்து மிசோரம் வரை வரைபடத்தில் கோடு போடும் ஆவணம் எதுவும் கிடையாது.

ஆவணங்கள் காட்டுவது வேறு கதை. நாடுகடத்தப்பட்டவர்கள் தொலையவில்லை, வடக்கு மெசபொத்தாமியாவிலும் சாக்ரோஸிலும் பக்கத்துக் குடிகளோடு கலந்துபோனார்கள். சமாரியாவிலேயே நின்றவர்களும் நிறையப் பேர். கொஞ்சம் பேர் யூதாவுக்குள் ஓடிவந்திருப்பார்கள். அந்தக் காலத்தில் எருசலேம் திடீரென்று பெருத்ததற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்வார்கள்.

கோரேஸ் விட்டதும் எல்லாரும் கிளம்பிவிட்டார்களா?

கோரேஸ் கி.மு. 539-இல் பாபிலோனைப் பிடித்தார். அடுத்த வருடம் அனுமதி. எஸ்றா 2 கொடுக்கும் மொத்தம் 42,360 பேர். ஆனால் போகாதவர்கள் ஏராளம். நிப்பூரில் கிடைத்த முராஷு பலகைகள் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தவை. கோரேஸுக்கு நூறு வருடம் கழித்தும் அந்த வாய்க்கால்களின் ஓரமே யூதப் பெயர்கள் குத்தகைக் கணக்கில் வருகின்றன.

யூதர் மட்டும்தான் திரும்பினார்கள் என்றும் நினைக்க வேண்டாம். அலெப்போ பக்கத்து நேராப் என்ற ஊரிலிருந்து நிப்பூர் வட்டாரத்துக்குக் கொண்டுபோகப்பட்ட ஒரு குடும்பம், திரும்பும்போது தன் பாபிலோனியக் கடன்பத்திரங்களையும் கூடவே எடுத்துக்கொண்டு வந்து சொந்த ஊரில் புதைத்துவைத்திருந்தது. அங்கேதான் அவை தோண்டி எடுக்கப்பட்டன.

தங்கியவர்களின் வழித்தோன்றல்கள் பிறகு நெகர்தேயா, சூரா, பும்பெதித்தா என்ற ஊர்களில் பெரிய கல்விச்சாலைகளை வளர்த்தார்கள். யூதச் சட்ட விளக்கங்களின் தொகுப்பான பாபிலோனியத் தல்மூத் அங்கே உருவானதுதான். 1950–51-இல் சுமார் 1,20,000 யூதர் ஈராக்கைவிட்டு விமானத்தில் இஸ்ரேலுக்குப் போனார்கள். அந்த ஏற்பாட்டுக்கு வைத்த பெயர் 'எஸ்றா–நெகேமியா'.

இதையெல்லாம் இன்றைக்கு எங்கே பார்க்கலாம்?

பாபிலோன் பாக்தாதுக்குத் தெற்கே சுமார் 85 கிலோமீட்டரில், ஹில்லா நகரத்தை ஒட்டி. 2019-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பார்க்கும் சுவர்களில் பாதி சதாம் உசேன் காலத்தில் எழுப்பியவை, அதைத் தெரிந்துகொண்டு போங்கள். ஹில்லாவுக்கும் நஜஃபுக்கும் நடுவே அல்-கிஃப்ல் என்ற ஊரில் எசேக்கியேலின் கல்லறை என்று மதிக்கப்படும் இடம் இருக்கிறது. இன்று அது முஸ்லிம் வழிபாட்டிடம். பழைய நினிவே இருந்த மோசூலில் யோனாவின் பெயரில் இருந்த பள்ளிவாசலை 2014-இல் ஐ.எஸ். அமைப்பினர் வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

பொருட்கள் பல ஐரோப்பாவில். லாகீஸ் சிற்பங்களும் கோரேசின் எழுத்துள்ள களிமண் உருளையும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். பாபிலோனின் இஷ்தார் வாசல் பெர்லின் பெர்கமோன் அருங்காட்சியகத்தில். அந்தக் கட்டடம் 2023 அக்டோபரில் புதுப்பிப்புக்காக மூடப்பட்டது, போகும் முன் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கோசானின் பெரிய கற்சிலைகளையும் மாக்ஸ் ஃபோன் ஓப்பன்ஹைம் பெர்லினுக்குத்தான் கொண்டுபோனார். 1943-இல் குண்டுவீச்சில் அவை நொறுங்கின. சுமார் 27,000 துண்டுகளைப் பல வருடம் உட்கார்ந்து பொருத்தி, 2011-இல் மறுபடி நிறுத்தினார்கள்.